பூரத்துக்குத் தெற்கே மூவர்



இந்த இதழின் அட்டைப்படத்தை முடிவு செய்த அன்று எங்கள் அலுவலகத்தில் சின்னதாய் ஒரு வாக்குவாதம். படத்தில் இருப்பவை மூன்று விண்மீன் திரள்கள். கேலக்ஸி என்றால் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு உடனே புரியும். மூன்றும் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்க, இடப்பக்கத்தில் கால்வாசிப் படம் வெறும் கறுப்பாகக் கிடக்கிறது. பக்கம் வடிவமைக்கும் தம்பி, “சார், இந்த ஓரத்தை வெட்டிட்டா மூணும் இன்னும் பெரிசா வரும். அங்கதான் ஒண்ணுமே இல்லையே” என்றார். பார்வைக்கு நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த இடது ஓரத்துக்காகத்தான் எத்தனையோ படங்களை ஒதுக்கிவிட்டு இதை எடுத்து வைத்திருந்தேன். கணினித் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன். மேலே உள்ள திரளின் இடது முனையிலிருந்து மங்கலான நீண்ட கோடு ஒன்று கறுப்புக்குள் போகிறது. தம்பி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்ன சார், ஸ்கேன்ல வந்த கறையா?” என்றார்.

கறை இல்லை. அட்டை வெட்டுப்படாமலே அச்சுக்குப் போயிருக்கிறது. கறுப்புக்குள் மங்கலைக் காட்டுவது அச்சு மைக்குக் கஷ்டமான வேலை என்று அச்சகத்தில் முன்பே எச்சரித்துவிட்டார்கள். அதனால் கையில் உள்ள பிரதியை நல்ல வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கோட்டின் கதையைச் சொல்வதற்கு முன் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மூவரும் இருப்பது சிம்ம ராசியில். மகம் சிங்கத்தின் நெஞ்சு, உத்திரம் வால் நுனி. இடையில், பின்னிடுப்புப் பக்கம், மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு விண்மீன்கள்தான் பூரம். ஆண்டாளின் நட்சத்திரம் என்று பூரத்தை அறியாதவர் நம்மில் குறைவு. வானத்தில் அது எங்கே என்று கைகாட்டச் சொன்னால்தான் பலரும் விழிப்போம். பூரத்தின் கீழ் விண்மீனிலிருந்து தெற்கே இரண்டரை பாகை இறங்கினால், அதாவது ஐந்து முழுநிலாக்களை வரிசையாக வைத்தால் ஆகும் தூரம் போனால், அங்கே இருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எம் 65, எம் 66, என்ஜிசி 3628 என்பவை அவர்கள் பெயர். ஏதோ பேருந்துத் தடத்தின் எண்கள் போல இருந்தாலும் உலகம் முழுக்க இப்படித்தான் அழைக்கிறார்கள். மூவரையும் சேர்த்து ‘லியோ ட்ரிப்லெட்’ என்பார்கள். நாம் சிம்ம மூவர் என்று வைத்துக்கொள்வோம்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. எம் 66 வானத்தில் வடக்கே 13 பாகையில் இருக்கிறது. சென்னை, வேலூர், பெங்களூர் எல்லாம் பூமியில் கிட்டத்தட்ட அதே 13 பாகையில்தான் இருக்கின்றன. ஆகவே பங்குனி, சித்திரை இரவுகளில் இந்த ஊர்களுக்கு நேர் உச்சியில், தலைக்கு மேலேயே இவர்கள் கடந்து போகிறார்கள். கன்னியாகுமரிக்காரர்கள் ஐந்து பாகை வடக்கே பார்க்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் அதைவிடக் குறைவு. உச்சியில் இருக்கும்போதுதான் இடையில் உள்ள காற்று மிகக் குறைவு, படம் தெளிவாக வரும். பாரிஸிலும் இங்கிலாந்திலும் இருந்து முதலில் இவர்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் கண்டவர் சார்ல் மெஸ்ஸியே. பாரிஸ்காரர், வால்மீன் வேட்டைக்காரர். வால்மீன் போலவே மங்கலாகத் தெரிந்து ஆனால் நகராமல் நின்று ஏமாற்றுகிறவற்றை, திரும்பவும் அவற்றில் நேரத்தைத் தொலைக்காமல் இருக்க, ஒரு பட்டியலாக எழுதி வைத்தார். எம் 65-இல் உள்ள ‘எம்’ அவர் பெயரின் முதலெழுத்து. 1780 மார்ச் 1 அன்று எம் 65-ஐயும் எம் 66-ஐயும் சேர்த்துப் பிடித்தார். இதில் சுவாரசியமான பகுதி அதற்கு ஆறேழு வருடம் முன்னால் நடந்தது. 1773 நவம்பர் தொடக்கத்தில் அவர் ஒரு வால்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அந்த வால்மீன் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து போனது. வேட்டைக்காரரின் கண் முழுக்க வால்மீன் மேல்தான். இரு பக்கமும் நின்ற இரண்டு திரள்களைப் பார்க்கவில்லை. வால்மீனின் வெளிச்சத்தில் மறைந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தன் பட்டியலில் அவரே குறித்து வைத்தார். எனக்கு மெஸ்ஸியே மேல் மரியாதை வந்தது அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான்.

மூன்றாவதை மெஸ்ஸியே கடைசிவரை பார்க்கவே இல்லை. 1784 ஏப்ரல் 8 அன்று இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். தொழில்முறை இசைக்கலைஞராக இருந்து வானியலுக்கு வந்தவர், யுரேனஸைக் கண்டுபிடித்தவர். வெண்கலம் போன்ற உலோகக் கலவையை வார்த்து, தானே தேய்த்து மெருகேற்றிய ஆடி, இருபது அடிக் குழாய் என்று அவருடைய கருவியே தனி. அவர் கருவியருகே நின்று சொல்லச் சொல்லத் தங்கை கரோலின் எழுதிக்கொள்வார். அப்படிப்பட்ட கருவி வேண்டியிருந்ததற்குக் காரணம் என்ஜிசி 3628-இன் உடல்வாகு. அதன் ஒளி மொத்தத்தில் அப்படியொன்றும் குறைவில்லை, ஆனால் நீளமாகப் பரவிக் கிடக்கிறது. நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தால் கண் தானாகவே அங்கே போகும். இதில் அது கிடையாது.

இங்கேதான் ஒரு பள்ளி மாணவியின் கடிதம் நினைவுக்கு வருகிறது. முன்பு ஓர் இதழில் இதே மூவரின் சிறிய படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்து, “மூன்றும் சுருள் திரள் என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான் சுருள் மாதிரி இருக்கிறது. ஒன்று கோணலாக இருக்கிறது. இன்னொன்று குச்சி. அச்சுப் பிழையா?” என்று கேட்டிருந்தார். இப்படிக் கேட்கும் ஆள் ஒருவர் இருந்தால் போதும், பத்திரிகை நடத்தலாம்.

அச்சுப் பிழை இல்லை, தங்கச்சி. முதல் காரணம், நாம் பார்க்கும் கோணம். சுருள் திரள் என்பது ஓர் ஆப்பம். ஓரம் மெலிசு, நடுவில் மட்டும் உப்பல். தட்டில் வைத்து மேலேயிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும். தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் வட்டம் போய்விடும், மெல்லிய கோடும் நடுவில் ஒரு மேடும்தான் மிஞ்சும். என்ஜிசி 3628 நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. சுருள் கைகள் அதற்கும் இருக்கும், ஆனால் நாம் இருக்கும் இடத்திலிருந்து அவற்றைப் பார்க்க வழியில்லை. அதன் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஓடுவது தூசு. நுண்ணிய கரியும் மணலும் கலந்த துகள்கள், பின்னால் உள்ள கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளியை மறித்து நிற்கின்றன. மேலும் கீழும் வெளிச்சம், நடுவில் கறுப்பு அடுக்கு. அமெரிக்கர்கள் இதற்கு ‘ஹாம்பர்கர் கேலக்ஸி’ என்று பெயரிட்டுவிட்டார்கள். அவரவர் ஊர்ச் சாப்பாடு அவரவர்க்கு.

எம் 65-உம் எம் 66-உம் நமக்குச் சாய்ந்த நிலையில் தெரிபவை. சாய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்படியிருந்தும் எம் 65 அமைதியாக, ஒழுங்காக, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எம் 66-இல் ஒரு கை ஒரு பக்கம் தூக்கியும் மற்றது வேறு விதமாகவும் போகிறது, கருவும் நடுவிலிருந்து விலகினாற்போல் தெரிகிறது. இதற்குக் கோணத்தைக் காரணம் சொல்ல முடியாது. எம் 66-க்குள் புது விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கின்றன. அட்டையில் அதன் கைகள் நெடுகச் சிவப்புப் பொட்டுகளாக இருப்பவை அந்த இடங்கள்தான். பிறப்பு அதிகமானால் இறப்பும் அதிகம். 1973-இலிருந்து 2016 வரை அங்கே ஐந்து விண்மீன் வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் 1997-இல் கண்டது உண்மையான சூப்பர்நோவாதானா என்பதில் மட்டும் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு. எம் 65-இல் பெரும்பாலும் வயதான விண்மீன்கள், வாயு குறைவு. அங்கே 2013-இல் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது.

சரி, எம் 66-ஐ இப்படிக் குலைத்தது யார்? அதற்குத்தான் அட்டையின் இடது ஓரம்.

அந்தக் கோட்டை 1950-களில் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி புகைப்படத் தகடுகளில் கண்டார். என்ஜிசி 3628-இலிருந்து கிளம்பிக் கிழக்கே சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீள்கிறது. அந்தத் திரளின் குறுக்களவே ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டுதான், வால் அதைப்போல மூன்று மடங்கு. விண்மீன்களும் ஹைட்ரஜன் வாயுவும் உள்ள வால் அது. அங்கிருந்து எப்படி வெளியே வந்தது? நிலா நம் கடலை இழுத்து ஓதம் எழுப்புகிறது அல்லவா, அதே வேலை. பக்கத்தில் ஒரு பெரிய பொருள் கடந்து போனால், அருகில் உள்ள பக்கத்தை அதிகமாகவும் தூரத்தில் உள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டு அந்த இழுப்பில் நீண்டு, ஓரத்தில் உள்ளவை வெளியே வீசப்பட்டுவிடும். ஈர்ப்பு விசை ஒன்றே இத்தகைய வால்களை உண்டாக்கப் போதும் என்று அலார் தூம்ரே, யூரி தூம்ரே என்ற சகோதரர்கள் 1972-இல் கணினியில் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன் காந்தப்புலம், வெடிப்பு என்று ஆளுக்கொரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 1978-இல் வானியலாளர் ஆர்னால்டு ராட்ஸ் இந்த மூவரையே கணக்கில் வைத்தார். என்ஜிசி 3628-உம் எம் 66-உம் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக நெருக்கத்தில் ஒன்றையொன்று கடந்து போயின என்று வைத்துக்கொண்டால் வால் வருகிறது. எம் 66 குலைந்திருப்பதற்கும் அதுவே விடை. ஒதுங்கி நின்ற எம் 65-க்குக் காயம் அதிகமில்லை. 80 கோடி ஆண்டு என்றால் பூமியில் விலங்கு என்று சொல்லிக்கொள்ளும்படி ஓர் உயிரும் வராத காலம். மோதல் என்று எழுதினால் விண்மீனோடு விண்மீன் முட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு திரள்கள் ஊடுருவிப் போனாலும் விண்மீன்கள் முட்டிக்கொள்வது அபூர்வம், இடையில் அவ்வளவு வெற்றிடம். நசுங்குவதும் கலங்குவதும் வாயுதான். நசுங்கிய வாயுவிலிருந்து புது விண்மீன்கள் பிறக்கின்றன.

ஆக அந்த மங்கல் கோடு இல்லையென்றால் மூன்றும் உண்மையிலேயே ஒரே இடத்தில் இருப்பவைதானா என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. வானத்தில் எல்லாம் ஒரே பரப்பில் ஒட்டியது போலத்தான் தெரியும். இன்னொரு சாட்சி, அவை நம்மைவிட்டு விலகும் வேகம். ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தால் அது கிடைத்துவிடும். எம் 66 நொடிக்கு ஏறத்தாழ 730 கிலோமீட்டர், எம் 65 ஏறத்தாழ 800, என்ஜிசி 3628 ஏறத்தாழ 840. ஒரே கூட்டத்துக்குள் இந்த வித்தியாசம் சகஜம். மூவரும் நம்மிடமிருந்து சுமார் 3½ கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறார்கள். எம் 65-இல் ஒரு கோளில் நின்று எம் 66-ஐப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே தொலைவில் இருப்பதாகக் கொண்டால் இடைவெளி 2 லட்சம் ஒளியாண்டு. கையை நீட்டி ஒரு சாண் விரித்தால் வானத்தில் எவ்வளவு மறையுமோ, அவ்வளவு பெரிதாக எம் 66 தெரியும். அங்கே யாராவது இருந்தால் அவர்களுடைய பஞ்சாங்கம் வேறு மாதிரிதான் இருக்கும்.

சந்தேகம் என்று சொன்னேன். அதற்கு ஆதாரமும் அதே சிங்கத்தின் வயிற்றுக்குக் கீழேயே இருக்கிறது. எம் 105, என்ஜிசி 3384, என்ஜிசி 3389 என்று இன்னொரு மூவர். நெருக்கமாக, முக்கோணமாக நிற்பார்கள். வடிவத்தில் இவர்கள் சிம்ம மூவரைவிடவும் வேறுபட்டவர்கள். முதலாவது கைகளோ தட்டோ இல்லாத உருண்டை, நீள்வட்ட வகை. இரண்டாவது வில்லை வடிவம், தட்டு உண்டு, சுருள் இல்லை. மூன்றாவது நல்ல சுருள். பார்த்தவுடன் ஒரு குடும்பம் என்று சொல்லத் தோன்றும். வேகத்தை அளந்தால் முதல் இரண்டும் நொடிக்கு 700 முதல் 900 கிலோமீட்டருக்குள் இருக்க, மூன்றாவது 1300. அது கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. ஏறக்குறைய இரு மடங்கு தொலைவில், பின்னால் தன் போக்கில் இருப்பது. கூட்டத்தைச் சேர்ந்த முதல் இரண்டையும் சுற்றி ஒரு மாபெரும் ஹைட்ரஜன் வளையம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. 1983-இல் வேறு எதையோ அளக்கும்போது ரேடியோ தொலைநோக்கியில் தற்செயலாக அகப்பட்டது.

இனி, பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு. அட்டையில் உள்ள நிறங்களை எதிர்பார்த்துக் கண்ணை வைக்காதீர்கள். கேமரா பல மணிநேரம் ஒளியைச் சேர்த்து அந்த நிறத்தைக் கொண்டுவருகிறது, கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கத்தில், நண்பர்களோடு ஒரு வீட்டு வாசலில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தோம். மூவரும் கிட்டத்தட்ட உச்சியில். உச்சியைப் பார்ப்பது இந்த டாப்சோனியன் வகைத் தொலைநோக்கிகளுக்குப் பிடிக்காத வேலை, திருப்புவதற்குள் கழுத்தும் பொறுமையும் போய்விடும். வீட்டுக்காரப் பாட்டி வந்து தானும் பார்க்க வேண்டும் என்றார். கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு இடத்துல வெளுப்பா இருக்குது, அவ்ளோதான் கண்ணு” என்றார். எந்தக் கையேடும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

“நேரா பாக்காதீங்க பாட்டி, கொஞ்சம் ஓரமா பாத்துட்டு கடைக்கண்ணால பாருங்க” என்றார் நண்பர். விழித்திரையின் நடுப்பகுதி பகல் வேலைக்கானது, நிறமும் நுணுக்கமும் அதன் பொறுப்பு. மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் அதைச் சுற்றித்தான் நிறைய. அதனால் இரவில் கடைக்கண் பார்வைக்கே கூர்மை அதிகம். நண்பர் குழாயை விரலால் லேசாகத் தட்டியும் விட்டார். அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், இது வான்நோக்கிகளுக்குள் பழைய உத்தி. பாட்டி சட்டென்று, “அந்தாண்ட ஒண்ணு நீட்டமா வந்துட்டு வந்துட்டுப் போவுதே!” என்றார். ஹெர்ஷல் பிடித்த மூன்றாவது ஆள். எங்கள் குழுவில் இரண்டு இளைஞர்களுக்கு அன்று அது கடைசிவரை தெரியவில்லை என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வெளுப்பு 3½ கோடி ஆண்டுப் பழைய ஒளி. அண்டார்க்டிகாவில் பனி நிரந்தரமாகப் படியத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

நாள் பார்க்கும் விஷயத்தில் பஞ்சாங்கமே உதவும். பங்குனி உத்திரத்தன்று முயற்சி செய்யாதீர்கள், கோயிலுக்குப் போங்கள். அன்று முழுநிலா உத்திரத்தில், அதாவது இவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே நிற்கும். அதன் வெளிச்சத்தில் எதுவும் தேறாது. ஆறேழு நாள் போகட்டும். நிலா நள்ளிரவை ஒட்டி எழும் நிலைக்கு வந்துவிடும், அதிலிருந்து அமாவாசைக்கு மூன்று நாள் பின்புவரை நல்ல காலம். ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணிவாக்கில் பூரம் உச்சிக்கு வரும். பூரத்தின் கீழ் விண்மீனுக்கும், அதற்கு ஐந்தாறு பாகை தெற்கே, சற்றுக் கிழக்கே தள்ளி உள்ள அடுத்த விண்மீனுக்கும் சரிபாதியில் தேடுங்கள். ஆடிப்பூரம் வரை தள்ளிப் போட்டால் சூரியன் நெருங்கிவிடும், மாலையில் மேற்கே தாழ்ந்துபோய்க் கிடைக்காது.

நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும். இருட்டில் இருபது முப்பது நிமிடம் கண்ணைப் பழக்க வேண்டும், இடையில் யாரும் செல்பேசியைத் திறக்கக் கூடாது. டார்ச் தேவையென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். பெரிய பைனாகுலரிலேயே எம் 65-உம் 66-உம் தெரியக்கூடும், நல்ல இருட்டாக இருந்தால். மூன்றாவதற்கு ஆறு அங்குலத் தொலைநோக்கியாவது வைத்துக்கொள்வது நல்லது. குறைந்த உருப்பெருக்கமே போதும். இரண்டு நிலா அகலத்துக்குள் மூவரும் அடங்கிவிடுவார்கள்.

பார்த்ததைப் பென்சிலால் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். புகைப்படம் வேண்டாம், அது எங்களிடம் நிறைய இருக்கிறது. வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம், இரண்டு வெளுப்பும் ஒரு நீட்டமும்தானே. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை அங்குலக் கருவி என்று பின்பக்கம் எழுதுங்கள். மூன்றாவது தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். சித்திரை இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், ஓரம் எதையும் வெட்ட மாட்டோம் என்று வடிவமைப்புத் தம்பியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்